மூன்றாவது அடி

திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது எங்களுக்கு ஒரு மெட்டல் பேண்ட் இருந்தது. நான் டிரம்ஸ், என் நண்பன் பாபு பேஸ் கிட்டார். வலக்கையின் மூன்று விரல்களால் குதிரை ஓடுகிற வேகத்தில் வாசிப்பான். மோதிர விரலின் அடி மட்டும் அமுங்கிக் கேட்கிறதென்று, மூன்றும் ஒரே சத்தமாகும்வரை மாதக்கணக்கில் மெதுவாகவே பழகியவன்.

கல்லூரி விழா நெருங்கும்போது பைக்கிலிருந்து விழுந்து அதே விரலை உடைத்துக்கொண்டான். எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூட மொத்தம் மூன்று முறை மாற்றிக் கட்ட வேண்டும். இரண்டாவது கட்டு இருக்கும்போதே விழா வந்துவிட்டது.

“வலி கீதாடா?” என்றேன்.

“இல்ல. ஆனா அவுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

“வலி இல்லன்னா எலும்பு கூடிக்கிச்சுடா. ஒரே பாட்டுதான மச்சான்.”

கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். அன்று முதல் பரிசு எங்களுக்கு. அந்த விரல் அப்புறம் மடங்கவே இல்லை.

படிப்பு முடிந்து இருவரும் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போனோம். பல வருடம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது சுவரில் அதே பேஸ். கம்பிகள் மட்டும் புதிதாக மின்னின.

“யார்ரா வாசிக்கிறது?”

“யாருமில்ல. துரு புடிக்கிறப்பல்லாம் மாத்திக்கினு இருக்கேன்.”

மேஜையில் அந்தப் பழைய தாளத்தைத் தட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே முழங்காலில் விரல்களை ஓட்டினான். இரண்டு ஓடின. மூன்றாவது விறைத்து நின்றது.

அவன் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான்தான் டிரம்ஸ் முன்னால் உட்காரும்போதெல்லாம் இரண்டு அடி கேட்டு, மூன்றாவதற்காகக் காத்திருக்கிறேன்.