சிங்கம் கேட்ட ஒரு வரி

என் தங்கை கணவருக்கு எங்கள் வட்டாரத்தில் சிங்கம் என்று பெயர். வீரத்துக்காக வைத்த பெயரில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சாது, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். எங்கள் சர்ச் மண்டபத்தில் வருடா வருடம் நாங்கள் போடும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் நாடகத்தில் பதினேழு வருடமாக அவர்தான் சிங்கம். கூண்டும் அவரே பற்றவைத்தது. அவருக்குத் திக்குவாய். உறுமுவதற்குத் திக்காது அல்லவா?

நாடகத்தை நடத்துபவன் நான். ரோமானிய ஆளுநர் வேஷமும் எனக்குத்தான், குரல் அப்படி. பிடிபட்ட ஆதிக் கிறிஸ்தவர்களிடம், "நீ யார்?" என்று மூன்று தடவை கேட்பேன். மறுத்தால் உயிர் பிழைக்கலாம். ஒவ்வொருவரும் "நான் கிறிஸ்தவன்" என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே சிங்கத்திடம் போவார்கள்.

ஒரு வருடம் ஒத்திகை முடிந்து சிங்கத்தோலைக் கழற்றும்போது மாப்பிள்ளை கேட்டார்.

"மச்சான், அந்த ஒரு வ... வரிய எனக்குக் குடுங்களேன். நம்ம ஆளுங்க மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு வராங்க. கூண்டுக்குள்ள இருந்து நான் பாக்கறேன்ல. அன்னிக்கு நெசமா செத்தவங்க ச... சந்தோஷமால்ல வந்தாங்க?"

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள சிங்கத்துக்குப் பசியே போயிடும், மாப்பிள்ளை!" என்றேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். தங்கை ஒரு மாதம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல.

இந்த வருடம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம், மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றார்.

"கேளுங்க மச்சான்."

"எதை?"

"ந... நாடகத்துல கேப்பீங்களே, அத. குரல் போறதுக்குள்ள ஒரு தடவ சொல்லிடறேன்."

கேட்டேன். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எடுத்துக்கொடுக்க என் வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

"நா... நான் கி... கிறிஸ்தவன்."

அப்போது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இத்தனை வருடத்தில் எந்த நடிகரிடமும் என்னால் வரவழைக்க முடியாத சந்தோஷம் அது.

"இப்ப நான் கேக்கறேன்," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ... நீங்க யாரு, மச்சான்?"

கடைசி வரிசை வரைக்கும் குரல் எட்டுகிற எனக்கு நாக்கு எழவில்லை. இத்தனை வருடமும் நான் கேட்டவன்தான், சொன்னவனில்லை. அந்த முகத்துக்கு எதிரே ஒப்புக்குச் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். தங்கை வந்து மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று அழைத்துப்போய்விட்டாள்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். பட்டறைக்கும் போகிறார். குரல்தான் இல்லை. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் அவர் எதிரே உட்காருகிறேன். இன்னொரு தடவை கேட்க மாட்டாரா என்று மனசு ஏங்குகிறது.