அப்பா கழுவிய டிரம்

முளா ஆற்றில் பிடித்துவந்த தண்ணீர் பாட்டிலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் திறந்தேன். பெயின்ட் கரைக்கும் தின்னரின் வாடை முகத்தில் அடித்தது. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாடை.

மராத்தி ஊரான கட்கியில் அவருக்குப் பெயின்ட் கம்பெனி வேலை. எங்கள் தெருக்குழாயில் நாளுக்கு ஒருவேளைதான் தண்ணீர் வரும். பிடித்துவைக்க, கம்பெனியில் காலியான டிரம்களைக் கேட்டு வாங்கிவருவார். ஞாயிறு காலையில் அவரும் நானும் ஒரு டிரம்மை ஆற்றுக்கு உருட்டிக்கொண்டு போவோம். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தேய்ப்பார். ஆறு கொஞ்ச தூரம் நீலமாக ஓடும். எனக்கு அது அழகாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் தலையை உள்ளே விட்டு மோந்துபார்ப்பார்.

"இன்னும் வாடை போகல பாப்பா. நீங்க குடிக்கிற தண்ணி, துளிகூட இருக்கக்கூடாது."

போகும்வரை கழுவுவார். பக்கத்து வீடுகளுக்கும் அவர்தான் கழுவித் தருவார்.

"மிஸ், ஆத்துல இதைக் கொட்டுனவங்க ரொம்ப மோசமானவங்கதானே?" என்று கேட்டாள், வகுப்பின் ஒரே தமிழ்ப் பெண்.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

பாட்டிலை மூடத்தான் மனம் வரவில்லை. அப்பா போனபிறகு அவர் வாடை எனக்குத் திரும்பக் கிடைத்தது அன்றைக்குத்தான்.