கூடை இறங்கியும் இறங்காத வலி

1998 மார்ச் 9ஆம் திகதி காலை, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கப் புறப்பட்டு நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்க, "இவளுக்கு நோவு இல்ல, நடிப்பு" என்று கணேசமூர்த்தி அறிவித்தார். தோட்ட மருந்தகத்தின் பொறுப்பாளர் அவர். பட்டம் பெறாவிட்டாலும் எல்லோருக்கும் டாக்டரய்யா. அவர் சொல்லை ஏற்று, என் தங்கை பூரணியின் பெயரைக் கொழுந்துப் பெரட்டிலிருந்து நீக்கினார்கள். அவர்மேல் என் குற்றச்சாட்டு இதுவே.

பூரணியின் விரல்கள் சும்மா இருந்து நான் கண்டதில்லை. பஸ்ஸில் அமர்ந்திருக்கும்போதும் காற்றில் எதையோ கிள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டில், பீலிக் குழாயில் விழும் தண்ணீரையும் செம்பு செம்பாகக் குடித்தாள். "விட்டா பீலியையே குடிச்சிருவா" என்பாள் தொழிலாளர் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா. அது நோயின் அடையாளம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் மலையில் பெண்ணுக்கு எலும்பு நொந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: கூடைவலி. தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமப்பவளுக்கு வேறென்ன வரும் என்பார்கள். முதலில் டாக்டரய்யா இன்னொரு காரணமும் சொல்லியிருந்தார்: பனியிலும், மேலே கட்டும் படங்குச் சாக்கிலும் மூடிக் கிடக்கும் உடம்பு, விட்டமின் டீ குறைவு. கல்சிய மாத்திரை கொடுத்தார்.

"தேயிலைக்குள்ளயே கெடக்கிறோம், எங்களுக்கா டீ கொறைச்சல்?" என்று சிரித்துக்கொண்டே விழுங்கினாள். நோவு கூடியது. அதன் பிறகுதான் அவர் வாயில் அது நடிப்பாயிற்று.

தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே கூடையும் இல்லை, கயிறும் இல்லை. ஆனாலும் நோவு முற்றி, சுவரைப் பிடித்தே எழும் நிலைக்கு வந்தாள்.

"கூடைய எறக்கி வச்சாச்சு, நோவு எறங்கலையே. அப்ப இது கூடைவலி இல்லண்ணே. கண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் என்னிடம்.

கண்டியில் இரத்தத்தைச் சோதித்தார்கள். கல்சியம் அளவு மீறியிருந்தது. கழுத்தில், தைரொயிட்டின் பின்புறம், பரதைரொயிட் என்று நான்கு சிறு சுரப்பிகள் உண்டாம். அவற்றுள் ஒன்றில் கட்டி. அதுதான் எலும்பின் கல்சியத்தைக் கறந்து இரத்தத்தில் விட்டிருக்கிறது; தீராத தாகமும் அதனால்தானாம். விட்டமின் குறைவும் உண்மையே. ஆனால் நோவின் மூலம் கட்டி. அறிக்கையின் பிரதி என்னிடம் உள்ளது.

கட்டியை அகற்றியபின் வைத்தியர் அதைக் காட்டினார். "இந்தப் புளியங்கொட்டைக்கா என்னைய நடிகைன்னாங்க?" என்றாள் பூரணி.

எலும்பு தேறி, லயத்துப் படிகளை ஒரே மூச்சில் ஏறிய நாளில், கழுத்துத் தழும்பை மறைக்காமல் மருந்தகத்துக்குப் போனாள். வாசலில் பெண்கள் கூடினார்கள்.

"அதான் சொகமாயிருச்சே பூரணி. வேலை பிரிக்கிற கண்டாக்கய்யாகிட்ட நான் சொல்லிடுறேன். நாளைக்கே கொழுந்துக்குப் போ" என்றார் டாக்டரய்யா.

"வாயால சொன்னது போதுங்கய்யா. இவளுக்கு நோவு இருந்திச்சு, நடிப்பு இல்லைன்னு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுற வரைக்கும் நான் போறதா இல்ல."

"விடாதடி!" என்றாள் வாசலிலிருந்து மீனம்மா.

டாக்டரய்யா பேனாவைத் தேடினார். மேசையெங்கும் கலவை மருந்து சிந்திக் கிடந்தது. பூரணி முந்தானையால் அதைத் துடைத்து, அவர் எழுதுவதற்கு இடம் செய்து கொடுத்தாள்.