காதுக்காரரின் மனைவி

பாட்டுக் கேட்கும் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் என் அத்தானைக் ‘காதுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காது என் அக்காவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிறு எரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். எதிர்முனையில் ‘ஹலோ’ வருவதற்கு முன்னால் விடுகிற மூச்சை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். அத்தானோ ஒரு ஆலையின் ஜெனரேட்டர் அறையில் எட்டு வருஷம் காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்றவர். கைவேலை சுத்தம், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மெல்லிய கீச்சொலி எதுவும் அவர் காதில் ஏறாது. கொசு தலையைச் சுற்றிப் பாடினாலும், கடித்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

ஆலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் அவர் ஆரம்பித்த தொழில் இது: பழைய ரேடியோவில் எரியுமே கண்ணாடிக் குழல் வால்வு, அதை வைத்து அவரே கட்டிய ப்ரீஆம்ப்பை, வாடிக்கையாளர் வைத்திருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு, அதாவது ஆம்ப்போடு, சேர்த்து வைப்பது. பாட்டு முதலில் வால்வுக்குள் போய்க் குளுமையாகி வரும். பெரிய ஸ்பீக்கரை ஆட்டும் பலம் டிரான்சிஸ்டருடையது. சொல்லும்போது சுலபம்தான். சேர்த்துப் பார்த்தால் சம்பந்தி சண்டை. வால்வுக்கென்று மெல்லிய ஒரு இரைச்சல் எப்போதும் உண்டு. பின்னால் வரும் ஆம்ப் முரட்டு ஆளாக இருந்தால், பாட்டோடு அந்த இரைச்சலையும் பெரிதாக்கி வீடு முழுக்கக் கேட்க வைத்துவிடும். அத்தானிடம் இருந்த மீட்டருக்கு அதெல்லாம் பிடிபடாது. காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குத்தான் அக்கா. வாடிக்கையாளர் தன் ஆம்ப்பை வைத்துவிட்டுப் போன பிறகு, அத்தான் எல்லாவற்றையும் இணைத்து, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, உள்ளே குரல் கொடுப்பார். "ஏய், வந்து கேளு." அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டியபடி முக்காலியில் உட்காருவாள். அவள் பாட்டைக் கேட்கமாட்டாள், பாட்டு நிற்கிற இடத்தைக் கேட்பாள். "இன்னும் இரையுது. வேற வால்வு போட்டுப் பாருங்க." சில நாள் ஐந்தாறு வால்வு மாறும். சில நாள், "இந்த ஆம்ப்புக்கு நம்மது ஒத்து வராதுங்க, திருப்பி அனுப்பிடுங்க" என்பாள். அவர் அனுப்பிவிடுவார். பதினோரு வருஷம் அவர் பெயர் கெடாமல் இருந்தது இப்படித்தான்.

இதற்கெல்லாம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஒருமுறையாவது வெளியாள் முன்னால், கேட்டுச் சொல்வது இவள்தான் என்று அவர் சொல்ல வேண்டும். என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் ஐந்தாறு ரசிகர்கள் கூடியிருந்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், "எப்படிங்க இவ்வளவு கச்சிதமா ஜோடி சேக்கறீங்க?" என்று கேட்டார். அத்தான் தன் காதைத் தொட்டுக் காட்டி, "எல்லாம் இது செய்யற வேலை" என்றார். தேநீர்த் தட்டோடு வந்த அக்கா வாய் தவறியோ தவறாமலோ சொல்லிவிட்டாள்: "அவருக்கு வாசல் மணியே கேக்காதுங்க. கேட்டுச் சொல்றது நான்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா நல்ல தமாஷ் பேர்வழி என்று நினைத்திருப்பார்கள். அத்தான் முகம் மட்டும் கறுத்துவிட்டது. அவர்கள் போன பிறகு, "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டல்ல? இனிமே ஆள் இருக்கும்போது இந்தப் பக்கம் வராதே" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல், "வந்து கேளு" என்றார். வெட்கமே இல்லாமல்! நானாக இருந்தால் முக்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். அக்கா வந்து உட்கார்ந்தாள், அரை நிமிஷம் கேட்டாள், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து எல்லாமே அவளுக்கு நல்லாத்தான் இருந்தது. வால்வு மாற்றச் சொல்வதில்லை, எதையும் திருப்பி அனுப்பச் சொல்வதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறதென்று அத்தானுக்கு ஒரே குஷி. தன் கை தேறிவிட்டது என்று என்னிடமே பெருமை அடித்தார்.

மூன்றாவது மாதம், முந்தின மாதம் இங்கே ஜோடி சேர்த்து வாங்கிப்போன ஒரு பல் டாக்டர் பெட்டியோடு திரும்பி வந்தார். அவருடைய ஆம்ப் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய முரட்டு ஆம்ப். இணைத்துப் போட்டார்கள். பியானோ ஓடி ஒரு இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். சமையலறையில் அக்காவோடு நின்ற எனக்கே கேட்டது.

"கேக்குதா?" என்றார் டாக்டர்.

அத்தான் ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்துக் குனிந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் இன்னொரு தடவை போட்டார். அத்தானுக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது.

"இதை நான் கேக்கல டாக்டர்" என்றார் கடைசியில். "என் சம்சாரம்தான் கேட்டா. இவதான் நல்லா இருக்குன்னு சொன்னா." உள்ளே திரும்பி, "ஏய், இங்க வா. நீதானே சொன்னே?" என்றார்.

அக்கா வாசற்படியில் போய் நின்று, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க காதை நம்பித்தானே சார் வந்தேன்? இதைப் போய் வீட்டுப் பொம்பளைங்ககிட்டயா விடுவீங்க?"

"தப்புதான் டாக்டர். இனிமே நானே கேட்டுத் தர்றேன்" என்றார் அத்தான்.

டாக்டர் போனதும் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த ஆளுக்குக் காதே கேக்காதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எனக்குக் கேட்டுச்சேடி. போன மாசமே அந்த இரைச்சல் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னேன்" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைப் பத்தி வெளியாள்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கார். அதைப் போய் எப்படிடி இல்லன்னு சொல்வேன்?"