கருடனுக்குச் சர்க்கரைப் பொங்கல்

ஞாயிறுதோறும் நான் உதவிக்குப் போகும் தாம்பரம் பறவை மையத்தில் இன்று ஒரு செம்பருந்துக்கு, ஊரார் கருடன் என்று கும்பிடும் பறவைக்கு, விடுதலை.

பட்டம் விடும் மாஞ்சா நூல் இறக்கையை அறுக்க, இரும்புலியூர் கோதண்டம் அண்ணன் தோப்பில் விழுந்த பறவை. இரண்டு நாள் கற்பூரம் காட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்கிறார். அது தொடவே இல்லை என்றதும்தான் எங்களிடம் தூக்கிவந்தார்.

நான் எலி நறுக்குவதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இன்னா சார் இது? எங்க கருடனுக்கு எலியா? சாமி கண்ணைக் குத்திடும்!"

ஒரு மாதம் எலிதான். பறவை தேறிவிட்டது.

கிடைத்த இடத்திலேயே விடுவது மையத்தின் வழக்கம். காலையில் அவர் தோப்பில் தேங்காய் உடைத்தார்கள், தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எங்க கருடன் போவுது பாருங்கடா!" என்று அண்ணன் கண்கலங்கினார்.

திரும்பிவந்து கூண்டைக் கழுவும்போது, எஸ்டிடி பூத்திலிருந்து அவரே போன் செய்தார்.

"சார், உங்க பருந்து என் கோழிக்குஞ்சைத் தூக்கிகினு பூட்சு! உடனே வந்து புடிச்சுகினு போங்க!"

'முற்றத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பாருங்கள்' என்று வாய் வரை வந்துவிட்டது.

சொல்லியிருக்கலாமோ?