செத்த வீட்டுச் சோடினை

அந்த வருடம் செப்டம்பர் நடுவில் எங்கள் பிள்ளை என் வயிற்றிலேயே இறந்துபோனாள். எட்டாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெற்றேன், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன், திருப்பிக் கொடுத்தேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்து மயானத்தில் சிறு பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் அடக்கம் செய்தோம். அதன்பிறகு நான் வீட்டில் இருந்தேன்.

இந்த நாட்டில் பிள்ளை தங்காவிட்டாலும் பெற்றவளுக்குரிய விடுப்பு உண்டு. நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். புது வருடம் பிறந்த பிறகு வந்தால் போதும் என்று முதலாளியம்மா தொலைபேசியில் சொன்னார். சரி என்றேன். நாளைக்கே வா என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லாததுபோல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மருத்துவிச்சி ஒருத்தி சைக்கிளில் வந்து போவாள். ஜெர்மன்காரி, என் வயதுதான் இருக்கும். வயிற்றை அமத்திப் பார்ப்பாள். பால் வற்றுவதற்கென்று ஒரு கசப்பு இலைத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். பிள்ளை இல்லை என்பது மார்புக்குத் தெரியவில்லை, அதற்குச் சொல்லித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "தினமும் ஒருதடவை வெளியே போ. வீட்டைச் சுற்றி வந்தாலும் போதும்" என்றாள்.

அப்படித்தான் கால்வாய்க் கரைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. இலைகள் பழுத்து விழத் தொடங்கியிருந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிய கைகளுக்கு வேலை இல்லாமல் இருந்தது, வேறு காரணம் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கை நிறைய இலை. குப்பையில் போடலாமென்றால் கால் குப்பைக்கூடைக்குப் போகவில்லை. இலையை அமத்தி வைக்கப் பாரமான புத்தகம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருந்தது. வீட்டில் தடிப்பாக இருந்தது ஒரே ஒரு புத்தகம்தான். தொட்டில், தள்ளுவண்டி எல்லாம் படம் போட்ட ஒரு கடையின் விளம்பரப் புத்தகம். அதற்குள் வைத்தேன். மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன்.

என் மனுசன் சாமான் களஞ்சியம் ஒன்றில் காலை வேலை செய்கிறவர். பின்னேரம் வந்து சோறு போடுவதற்கு அரிசி மூட்டையைத் தேடினார். கண்டுபிடித்து, தூக்கி, கீழே இருந்த புத்தகத்தைப் பார்த்தார். திறந்தார். குழந்தைக் கதிரைப் படத்தின்மேல் ஒரு சிவப்பு இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன, இலையோ?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"தெரியாது."

அவர் புத்தகத்தைக் கவனமாக மூடினார். அரிசியைக் கொட்டி எடுத்துக்கொண்டு மூட்டையைத் திரும்ப மேலேயே வைத்தார்.

ஒரு கிழமையில் இலைகள் கடதாசிபோல் ஆகிவிட்டன. பாண் சுற்றும் மெழுகுத் தாள் இரண்டுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, இளஞ்சூட்டில் அயர்ன் பண்ணினேன். இலையில் மெழுகு ஏறி நிறம் தங்கிவிட்டது. அவற்றை நூலில் கட்டிக் குசினி யன்னலில் தொங்கவிட்டேன். வெயில் வந்தபோது மேசையெல்லாம் மஞ்சளாக இருந்தது. அழகுதான். அழகு என்று எனக்குத் தெரிந்தது, விலைச்சீட்டைப் பார்த்து ஒரு சட்டை என்ன விலை என்று தெரிந்துகொள்வதுபோல்.

அதோடு நிற்கவில்லை. நடக்கப் போகிறபோதெல்லாம் எதையாவது கொண்டுவந்தேன். வேலியோரத்துக் காட்டு ரோசாவின் சிவந்த காய்களைக் கொப்போடு வெட்டி, பால் ஊற்றும் கூசாவில் வைத்தேன். தண்ணீர் ஊற்றவே தேவையில்லை, அப்படியே காய்ந்து நிற்கும். வெறும் ஜாம் போத்தல்களில் மெழுகுதிரி வைத்து, சுற்றிவரப் புல்லும் கதிரும் கட்டினேன். சின்னச் சின்னப் பூசணிகள் கடையில் கூடையோடு இருந்தன. சமைக்க ஏலாதவை, பார்வைக்கு மட்டும். அவற்றை யன்னல் கட்டையில் அடுக்கினேன். கஸ்தானியன் மரத்தின் பளபளத்த பழுப்புக் கொட்டைகளை மாலையாகக் கோக்க நினைத்தேன், ஊசி இறங்கவில்லை. விரலில் குத்தி இரத்தம் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச தாரும், நான் ஓட்டை போட்டுத் தாறன்" என்றார் அவர்.

வீட்டுச் சாமான் அறையிலிருந்து துளைக்கும் மெசினை எடுத்துவந்தார். அது தொட்டில் பூட்டுவதற்கென்று புதிதாக வாங்கியது. பழைய பலகை ஒன்றின்மேல் கொட்டையை வைத்து, ஒவ்வொன்றாகத் துளைத்துத் துளைத்துத் தந்தார். நான் கோத்தேன். தூள் அவருடைய காற்சட்டையில் வெள்ளையாகப் படிந்தது. கட்டடம் முழுக்கக் கேட்கும் சத்தம். கீழ்வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாகக் கதவுக்கு ஒரு வளையம் செய்தேன். வில்லோக் கொப்பை வளைத்துக் கட்டி, சுற்றிவர இலையும் பாசியும் ஓக் மரக் கொட்டைகளும் செருகினேன். இங்கே இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டுக் கதவிலும் அப்படி ஒன்று தொங்கும். எங்கள் கதவிலும் தொங்கியது.

அந்தச் சனிக்கிழமை மச்சாள் வந்தா. மச்சாள் என்றால் அவருடைய மூத்த அக்கா, கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறா. ரயிலில் இரண்டு பைகளோடு வந்திருந்தா. நான் கதவைத் திறந்தபோது பைகளைக் கீழே வைக்காமல் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"இதென்ன?"

"வாங்கோ மச்சாள்."

"செத்த வீட்டுக் கதவில என்ன சோடினை? முப்பத்தோராம் நாள் பூசை கூட இன்னும் குடுக்கேல்லை. சனம் பாத்தால் என்ன கதைக்கும்?"

"சோடினை இல்லை மச்சாள். இலை."

"இலையெண்டால் மரத்தில இருக்கோணும்."

உள்ளே வந்து யன்னலையும் மேசையையும் கஸ்தானியன் மாலையையும் பார்த்தா. திரும்பிப் போய்க் கதவிலிருந்த வளையத்தைக் கழற்றி, சப்பாத்துத் தட்டின்மேல் முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தா. நான் தேத்தண்ணி வைத்தேன். கோபம் வரவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்.

இடியப்பமும் மீன் சொதியும் கொண்டுவந்திருந்தா. என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, "சாப்பிடும். சாப்பிடாமல் ஏலாது" என்றா. சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அவர் வேலை முடிந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போது வளையத்தைக் கண்டிருக்க வேண்டும். குசினி வாசலில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, அவ அதைச் செய்துகொண்டிருக்கட்டும். வேற ஒண்டும் செய்யிறா இல்லை."

"நான் கூடாதெண்டோ சொல்லுறன்? ஊர் உலகத்துக்கு..."

"ஊர் மூண்டாம் மாடிக்கு வராது."

அடுத்த வீட்டில் யாரையோ பற்றிக் கதைக்கிறார்கள் என்பதுபோல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் போன பிறகு அவர் வளையத்தைத் திரும்பக் கதவில் மாட்டினார். கோணலாக மாட்டினார். அப்படியே விட்டேன்.

ஒரு காலை மேசைவிரிப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புழுக்கள். வளையத்துக்குப் போட்டது போக மிச்சமிருந்த ஓக் கொட்டைகளை ஒரு தட்டில் வைத்திருந்தேன். அவற்றின் ஓட்டில் குண்டூசி அளவு வட்டமாகத் துளை போட்டு, தடித்த சின்னப் புழுக்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஒன்று பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக நின்று தலையை ஆட்டியது. சாதாரணமாக நான் புழுவைக் கண்டால் கத்துகிறவள். அன்றைக்குக் கதிரையை இழுத்துப்போட்டு, அது முழுதாக வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பாடுபட்டுத்தான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் ஏந்தி, மாடிப்படி இறங்கிப் போய், வேலியடி மண்ணில் கொட்டினேன். வீட்டு உடுப்போடு, செருப்பும் போடாமல் போயிருக்கிறேன். மேலே வந்து பாதம் ஈரமாக இருந்தபோதுதான் தெரிந்தது.

"கொட்டையை முதல் ஓவனில வச்சு எடுக்கோணுமாம்" என்றார் அவர், வேலையிடத்தில் யாரிடமோ கேட்டுவந்து. மிச்சக் கொட்டைகளைக் குறைந்த சூட்டில் வைத்தோம். வீடு இரண்டு நாளைக்கு எரிந்த விறகு மணத்தது.

ஒக்டோபர் முடிகிற நேரம், கல்லறைத் திருநாளுக்குப் பூக்கன்று வாங்கவேண்டும் என்று அவர்தான் சொன்னார். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பூங்கன்றுக் கடைக்குக் காரில் போனோம். உள்ளே நுழைந்ததும் வைக்கோல் கட்டுகள், பூசணிகள், மரத்தால் செய்த நரிகள், கதவு வளையங்கள். அதே நீள மேசையின் மற்றப் பக்கம் பாசியும் கூம்புக் காய்களும் வைத்துக் கட்டிய கல்லறை அலங்காரங்கள், சிவப்பு விளக்குகள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் இருந்தது. என் கூடையில் எதை வைத்தாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

எரிகா என்கிற சின்னச் செடி இந்தக் காலத்தில் எங்கும் கிடைக்கும். ஊதாவும் வெள்ளையுமாக மொட்டு நிறைந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் நின்ற பச்சை ஏப்ரன் போட்ட பெண், மண் எடுத்துத் தருவதற்காகக் கேட்டாள்:

"பால்கனிக்கா, கல்லறைக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். ஜெர்மன் பேச வேண்டிய இடத்தில் எப்போதும் என்னைத்தான் பார்ப்பார். நான் ஒன்பது வயதில் இங்கே வந்தவள்.

"கல்லறைக்கு" என்றேன்.

"எவ்வளவு பெரிய இடம்?"

நீள அகலம் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினேன். என் கைகளுக்கு நடுவே இருந்த வெளியை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் உள்ளே போய், வெளியே வைத்திருந்தவற்றைவிடச் சின்னதாக மூன்று சாடிகள் கொண்டுவந்தாள்.

"இதன் மொட்டு விரியாது. விரியாததால் குளிர்காலம் முழுக்க நிறம் போகாது" என்றாள்.

கறுப்பு மண்ணும் ஒரு பை எடுத்துக்கொண்டு வந்தோம். காரில் அவர் சாவியைப் போட்டுவிட்டுக் கனநேரம் திருப்பாமல் இருந்தார்.

நவம்பர் முதலாம் நாள் இங்கே விடுமுறை. ஊரில்போல் இரண்டாம் நாள்வரை காத்திராமல், அன்று பின்னேரமே குருவானவர் வந்து கல்லறைகளை ஆசீர்வதிப்பார். மெல்லிய தூறல். சிறு பிள்ளைகளின் பகுதியில் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சின்ன மேட்டின்மேலும் ஏதாவது இருந்தது: கரடி பொம்மை, வர்ணக் கல், களிமண் முள்ளம்பன்றி. எங்களுடையதில் மரச் சிலுவை மட்டும். நான் முழங்காலில் இருந்து மண்ணைத் தோண்டினேன், அவர் சாடிகளிலிருந்து செடியைக் கழற்றித் தந்தார்.

மச்சாள் குடையோடு வந்தா. முப்பத்தோராம் நாள் பூசையில் தூரத்தில் கண்டதோடு சரி, வளைய விவகாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கிட்டக் காண்கிறோம். சுற்றியிருந்த கல்லறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தா. பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு சாமானை எடுத்தா. பிளாஸ்டிக்கில் செய்த செம்மஞ்சள் பூசணி, சிரிக்கிற முகம், உள்ளே விளக்கு.

"அக்கா, இதென்ன?" என்றார் அவர்.

"போன கிழமை தனிய வந்து பாத்திட்டுப் போனனான். மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் விளையாட்டுச் சாமான் கிடக்கு. எங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒண்டும் இல்லாமல்?"

எங்கள் பிள்ளை என்று அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. "நடந்தது" என்பார்கள், "அந்த விஷயம்" என்பார்கள். மச்சாள் அடியிலிருந்த பொத்தானை அமத்தினா. விளக்கு எரியவில்லை. திருப்பி அமத்தினா, தட்டினா, குலுக்கினா.

"பற்றறி இல்லாமல் வித்திருக்கிறான் பாருங்கோ! படத்தில எரியுது!"

மழைக்குள் நின்று கடைக்காரனைத் திட்டினா. திட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து அழத் தொடங்கினா. அவரும் அழுதார். அக்காவின் தோளில் நெற்றியை வைத்து அழுதார். நான் பூசணியை வாங்கி, செடிகளுக்கு நடுவில் வைத்து, சரியாமல் இருக்கச் சுற்றிவர மண்ணை அமத்தினேன். அது நேராக நிற்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். எனக்குச் செய்ய இருந்தது அது மட்டும்தான். குருவானவரின் தீர்த்தம் என் கழுத்திலும் பட்டது. மழைத்துளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் வந்ததும் இந்த நாட்டு வீடுகளில் இலையெல்லாம் போய் நட்சத்திரங்கள் வந்துவிடும். நான் இலைகளைக் கழற்றி, பூசணிகளையும் மாலையையும் சேர்த்துப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நட்சத்திரம் எதுவும் மாட்டவில்லை. யன்னல் வெறுமையாக இருந்தது, அதுவும் பரவாயில்லாமல்தான் இருந்தது. புது வருடம் பிறந்து வேலைக்குப் போனேன். கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மனிதர்களின் முகத்துக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்து, காதுக்குப் பின்னால் இறுக்கமா என்று கேட்டேன்.

அழுகை எனக்கு வந்தது பெப்ரவரியில், வேலை முடிந்து வரும் ரயிலில். இரண்டு நிலையங்களுக்கு நடுவே, வெறும் வயல்வெளியில் ரயில் நின்றுவிட்டது. சமிக்ஞை பழுது, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று சாரதி ஒலிபெருக்கியில் சொன்னார். களைத்த குரல். கொஞ்சம் பொறுத்து, தானாகவே இன்னொரு தரம், "உண்மையாகவே வருந்துகிறேன்" என்றார். அந்த மனிதர் ரயிலைப் பற்றித்தான் சொன்னார். என் தொண்டையிலிருந்து என்னுடையது இல்லாத ஒரு சத்தம் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. கையால் வாயைப் பொத்தினேன், பொத்தியும் வந்தது.

எதிரே இருந்த வயதான மனிதர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்து ஒரு பைக்கற்று கைலேஞ்சித் தாளை என் மடியில் வைத்துவிட்டு, பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ரயில் திரும்ப ஓடத் தொடங்கி, ஹம் வந்து, நான் இறங்கும்வரை அவர் அதைக் கீழே இறக்கவேயில்லை.