கக்கூஸ் கதவுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் எங்கே நின்றேன் தெரியுமா? என் தங்கச்சி வீட்டுக் கக்கூஸ் கதவுக்கு முன்னால்!

சும்மா நிற்கவில்லை, கத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் உம்மா. உம்மாவுக்குப் பின்னால், ஜும்ஆவுக்கு வெள்ளை ஜுப்பா போட்டு ரெடியாகி, பிறந்து ஐந்து நாளான மகளைக் கையில் ஏந்தியபடி தங்கச்சி மாப்பிள்ளை. கதவுக்கு உள்ளே தங்கச்சி... அழுதுகொண்டு.

பொறுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் என் வீட்டு மின்சார பில், மாமியின் சீனி வருத்த மாத்திரை என்று எல்லாவற்றையும் வாசித்தவர்கள்தானே நீங்கள்? இதையும் வாசியுங்கள். சந்தோஷமான கதை. உண்மையாகவே துள்ளிக் குதிக்க வைத்த கதை!

தங்கச்சிக்கு ருமைஸா என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை அவளே தெரிவு செய்தாள். "எழுதுறெண்டா எழுது ராத்தா, பேர மட்டும் மாத்திரு" என்பது நிபந்தனை. ஐந்து பேரில் நான் மூத்தவள், அவள் கடைக்குட்டி. சாய்ந்தமருதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அபாயா தைப்பது அவள் தொழில். கல்முனையிலிருந்தும் வருவார்கள், பொத்துவிலிலிருந்தும் வருவார்கள். அப்படி ஒரு கை.

ஆனால் அந்தக் கைதான் வினையாய்ப் போனது.

தலைப்பிரசவம். மற்றவர்கள் வலிக்குப் பயப்படுவார்கள். இவள் தையலுக்குப் பயந்தாள். "நான் எத்தின தையல் விட்டுப் போய்க் கண்டிரிக்கன் ராத்தா. இழுபடுற இடத்துலதான் முதல்ல விடும்" என்பாள். கிழிந்தால் என்ன செய்வார்கள், எத்தனை தையல், எவ்வளவு நாளில் ஆறும் என்று போனில் தேடித் தேடிப் பார்த்து, பார்த்ததற்கெல்லாம் பயந்து, மூன்று மாதம் சரியான தூக்கமில்லை.

இந்தப் பயத்தை அவள் தலைக்குள் போட்டது யார்?

நான்தான்.

ஏழாம் மாதம் அவளைப் பார்க்க நாலு பெண்கள் வந்திருந்த ஒரு பின்னேரம், பிளேன்டீயும் வட்டிலப்பமும் உள்ளே இறங்க இறங்க எனக்கு வாய் திறந்துகொண்டது. என் மூத்த மகனைப் பெற்ற கதை! லேபர் ரூம் வெளிச்சம், டொக்டரின் கையில் ஊசி, எத்தனை இடத்தில் கிழிந்தது, நான் எப்படிக் கத்தினேன்... நடித்தே காட்டினேன். கேட்டவர்கள் "அல்லாஹ்வே!" என்று வாயில் கை வைத்தார்கள். ருமைஸா மூலையில் இருந்து வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கைதட்டல் வாங்குகிறவளுக்கு முகம் எங்கே தெரியப்போகிறது?

சரி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பிறந்தது. மாஷா அல்லாஹ், மூன்று கிலோ. அவள் பயந்தபடியே கொஞ்சம் கிழிந்து, தையலும் போட்டார்கள். வார்டில் நான் போய்ப் பார்த்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ராத்தா, இது தானாக் கரைஞ்சி போற நூலாம். கரைஞ்சி போற நூலால ஆராச்சும் தைப்பாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். உம்மாவின் ராஜ்ஜியம் தொடங்கியது. மிளகு, உள்ளி, சரக்குக் கறி, பால்சுறா வறை. எல்லாம் சரி. ஆனால் தண்ணீர்? அரைக் கிளாஸ், அதுவும் கொத்தமல்லி அவித்தது. பழம் கிட்டவும் வரக்கூடாது. "தண்ணி குடிச்சா புண் காயாது புள்ள. நான் அஞ்சு பெத்தவ" என்று ஒரே போடு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மலமிளக்கிப் பாணி மருந்தையும் வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டார். "இது வயித்தாலே போற மருந்து, பச்சை உடம்புக்கு ஆகாது."

அடுத்த நாள் காலை தங்கச்சி மாப்பிள்ளை நௌஷாத் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். முகம் வாடியிருந்தது.

"மதினி, ஒரு விஷயம். மாமிக்குச் சொல்லிராதீங்க."

"என்ன?"

"புள்ளப் பெத்தது அவ. பத்தியச் சாப்பாடு சாப்பிடுறது நான்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ருமைஸா இரண்டு வாயோடு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறாளாம். உம்மா ஏசுவார் என்று மிச்சத்தையெல்லாம் இவர் விழுங்குகிறாராம். ஏன் சாப்பிடுவதில்லை? சாப்பிட்டால் வெளிக்குப் போகவேண்டி வரும். வெளிக்குப் போனால் முக்கவேண்டி வரும். முக்கினால் தையல் பிரிந்துவிடும். அதனால் சாப்பிடாமலே இருந்துவிட்டால்...

"ராவெல்லாம் புள்ள பாலுக்கு அழுகுது மதினி. பால் காணாது. இவவும் அழுகுறா. எனக்கு என்ன செய்யிறெண்டு தெரியல்ல" என்றார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

நான் பிளேன்டீயோடு விட்ட கதை, இப்போது ஒரு பச்சைக் குழந்தையின் வயிற்றில் வந்து நிற்கிறது! அலுவலகத்துக்கு லீவு போட்டேன். நேரே எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

பெரியநீலாவணையைச் சேர்ந்த இளம்பிள்ளை அவர். இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை. ஸ்கூட்டியில் வந்து இறங்கினார், கையைக் கழுவினார், ருமைஸாவை அறைக்குள் கூட்டிப்போய்த் தையலைப் பார்த்தார். வெளியே உம்மா என் காதுக்குள், "கலியாணம் முடிக்காத புள்ளைக்கு இதெல்லாம் என்னகா தெரியும்?" என்றார்.

தெரிந்திருந்தது. நன்றாகவே தெரிந்திருந்தது!

"வடிவா ஆறிக்கொண்டு வருது தங்கச்சி" என்றார் மிஸ். "நீங்க தையல்காரி எண்டுதான் இந்தப் பயம். இது துணியில்ல. துணியில நூல் மட்டும்தான் புடிச்சிட்டு நிக்கும். உடம்பு தானா ஒட்டி வளரும். நூல் கொஞ்ச நாளைக்குத் துணைக்குத்தான்."

ருமைஸா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். தொழில் பாஷையில் சொன்னால் தொழில்காரிக்கு ஏறும் போல.

பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார். "உம்மா, புண் வெளியால காயட்டும். உள்ளுக்கு மனிசிய காய வெச்சிராதீங்க. தண்ணி குடிக்காட்டி இறுகும். இறுகினாத்தான் நோவு. பாலும் வராது."

தண்ணீர் தாராளமாக. பப்பாசிப்பழம், கீரை. மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பாணியை இறக்கிக் கொடுங்கள். கொமட்டில் உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல், முன்னுக்குக் கொஞ்சம் குனிந்து, மூச்சை அடக்காமல். பயமாக இருந்தால் சுத்தமான துணியால் தையல் பக்கத்தை மெதுவாகத் தாங்கிப் பிடிக்கலாம். காய்ச்சல், நாற்றம், சீழ், நாளுக்கு நாள் கூடுகிற நோவு, இதில் ஒன்று வந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார். இருபது நிமிஷம்தான்!

உம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார். ஸ்கூட்டிச் சத்தம் அடங்கியதும் பழையபடி அரைக் கிளாஸ் கொத்தமல்லித் தண்ணீர்.

சும்மா விடுவேனா? வியாழக்கிழமை முழுக்கக் கடத்தல் வேலை. தண்ணீர்ப் போத்தல், ஃபார்மசியில் நான் புதிதாக வாங்கிய பாணி, வெட்டிய பப்பாசி, எல்லாம் பிள்ளையின் பம்பர்ஸ் பேக்குக்குள் மறைந்து மதிலுக்கு மேலால் போனது. கொடுப்பது நான், வாங்குவது நௌஷாத். "இத்தின பம்பர்ஸ் என்னத்துக்கு?" என்று உம்மா சந்தேகப்பட்டார். "உங்கட பேத்தி கெட்டிக்காரி மாமி" என்றார் மாப்பிள்ளை, கண் சிமிட்டாமல்.

வெள்ளிக்கிழமை காலை... வந்துவிட்டது! வயிறு அழைத்துவிட்டது!

ருமைஸா உள்ளே போனாள். வெளியே வந்தாள். திரும்பவும் போனாள். கதவைப் பூட்டிக்கொண்டாள். பிறகு அழுகைச் சத்தம். "ஏலாது ராத்தா! பிஞ்சிரும்! எனக்குத் தெரியும், பிஞ்சிரும்!"

நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "இந்தாடி, நான் சொல்லுறதக் கேள்..."

உம்மா என் கையைப் பிடித்தார். "கக்கூசுக்குள்ள இரிக்கிற ஆளோட கதைக்கிறல்ல புள்ள. அவவக் கதைக்க வெக்காத."

உண்மைதானே, மார்க்கத்தில் ஒழுக்கம் ஒன்று இருக்கிறதே! என்ன செய்வது? ஒரு யோசனை மின்னியது.

"ருமைஸா! நீ வாய் திறக்காத. நான் கதைக்கிறன், நீ கதவுல தட்டு. ஓம் எண்டா ஒரு தட்டு. இல்ல எண்டா ரெண்டு. விளங்கிச்சா?"

கதவில் காதை வைத்தேன். பிறகு... டொக்.

"ஏழாம் மாசம் நான் ஒரு கதை சொன்னன்தானே, மூத்தவனப் பெத்த கதை?"

டொக்.

"அது பாதிக் கதைடி! மிச்சத்த நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. எனக்கும் உன்னப்போலதான். ஆறு நாள்! ஆறு நாள் நான் வெளிக்குப் போகல்ல. உன்ட மச்சான் கேட்டாலும் போயிட்டன் எண்டு பொய் சொன்னன். ஆறாம் நாள் உள்ளுக்குப் போய், பைப்ப ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு, மௌத்தாகப் போறன் எண்டு அழுதன். கடைசில என்ன நடந்திச்சி தெரியுமா?"

டொக், டொக்.

"ஒண்டும் நடக்கல்ல! எரிஞ்சிச்சி, ஓம். நல்லா எரிஞ்சிச்சி. ஆனா தையல் அந்த இடத்துலயே இரிந்திச்சி! வெளிய வந்து எட்டு இடியப்பம் சாப்பிட்டன். நாற்பது நாள் முடிஞ்ச கையோட பழையபடி சைக்கிள் மிதிச்சன். இதச் சொல்லாம அதமட்டும் உனக்குச் சொன்னது என்ட பிழை. பெரிய பிழை. என்ன மன்னிச்சிக்க புள்ள."

கதவில் ஒரே ஒரு தட்டு கேட்டது. மெதுவாக.

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நௌஷாத் பிள்ளையை அணைத்துக்கொண்டு சீலிங் ஃபேனை அப்படியே உற்றுப் பார்த்தபடி நின்றார். பதினேழு வருஷம் காத்த என் மானம், தங்கச்சி மாப்பிள்ளையின் முன்னால் எட்டு இடியப்பத்தோடு சேர்ந்து போயிருந்தது! உள்ளேயிருந்து ஒரு சத்தம். அழுகையில்லை, சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வந்த சிரிப்பு.

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம். உள்ளே துஆ ஓதமுடியாது என்பதால் அவளுக்கும் சேர்த்து வெளியே நான் ஓதினேன்.

ஃபிளஷ் சத்தம்!

கதவு திறந்தது. வியர்த்துக் கொட்டி, தலைமுடி நெற்றியில் ஒட்டி, கண் சிவந்து நின்றாள். "ராத்தா... ஒண்டும் பிரியல்ல" என்றாள். ஏதோ பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். நௌஷாத் போட்ட "அல்லாஹு அக்பர்!" சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு எழும்பி வீறிட்டது. அந்த அமளிக்குள் ருமைஸா சொன்னாள்:

"பசிக்கிது ராத்தா. சரியாப் பசிக்கிது."

இதைவிட நல்ல செய்தி அந்த வீட்டில் பிள்ளை பிறந்ததற்குப் பிறகு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாம் சொல்லும் பிரசவக் கதைகளெல்லாம் ஏன் ஊசியோடும் இரத்தத்தோடும் முடிந்துவிடுகின்றன? அதற்குப் பிறகு ஆறியதே, எழும்பி நடந்தோமே, சிரித்தோமே. அதை ஏன் யாரும் சொல்வதில்லை? கிழிந்தது சுவாரஸ்யம், ஆறியது சப்பென்று இருக்கிறது, அதுதான் காரணமா? அல்லது வெட்கமா?

சோறு போட நான் குசினிக்குப் போனபோது உம்மா அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு ஒம்பது நாள்."

"என்ன உம்மா?"

"உன்னப் பெத்த நேரம். ஒம்பது நாள். தண்ணியும் தரல்ல... என்ன செய்யிது எண்டு ஆரும் கேக்கவும் இல்ல."

நாற்பத்து மூன்று வருஷம் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டா எங்களுக்கெல்லாம் கொத்தமல்லித் தண்ணீர் அளந்தார்? கையில் கோப்பையோடு, என்னைப் பெற்றவளிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

"நல்லா நொந்ததா உம்மா?"

"நோகாம?" என்றார் உம்மா. கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, சோற்றைக் குவியலாக அள்ளிப் போட்டார். "ஆனா ஆறிட்டு மகள். அதையும் சேத்து எழுது."